எட்டுச் செயலிகளும் ஒரு புதன்கிழமையும்

போன மாதம் கைபேசியின் கண்ணாடி உடைந்துபோய், ரங்கூன் பபேடானில் சாகுல் கடைக்குப் போயிருந்தேன். சாகுலின் வாப்பா காலத்தில் அந்தக் கடையில் குடை விற்றார்கள். இப்போது கைபேசி விற்கிறார்கள். மழைக்கு ஒதுங்குகிற கூட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

"அக்கா, இதுக்குப் போயி யாராச்சும் கண்ணாடி மாத்துவாங்களா? இதைப் பாருங்க. எட்டு கோர். பறக்கும்."

"எட்டுக்கும் பேர் வெச்சிருக்கியா, சாகுல்?"

"பேரா? ஏன்க்கா, அது என்ன ஆடா மாடா?"

வெளியே மழை வலுத்தது. அவன் வரவழைத்துக் கொடுத்த லபேயேவை, அதுதான் நம் பால் டீயை, ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கையகலப் பெட்டிக்குள் எட்டு. எங்கள் காலத்தில் எட்டு என்றால் ஓர் அறை நிறைய. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் நுழையும்போது பாதத்தில் ஏறும் குளிர்ச்சியும், ஏசி தண்ணீர் வாளியில் சொட்டும் சத்தமும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தன. கோயில் ஆண்டு மலருக்கு என் கம்ப்யூட்டர் வேலையைப் பற்றி எழுதித் தரச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். நானும் மூன்று வருடமாக நழுவிக்கொண்டிருக்கிறேன். எழுதினால், கூட வேலை பார்த்த மா கின் ஸ்வேக்கு நான் செய்ததையும் எழுத வேண்டும். அதுதான் காரணம்.

சரி, எழுதிவிடுகிறேன்.

அப்பா இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். நான் கணிதம் படித்தேன். ரங்கூனைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் போய்ப் படித்தேன், அதே வட்ட ரயிலில் வேலைக்கும் போனேன். ஆரம்ப வருடங்களில் எங்களுக்குக் கம்ப்யூட்டர் நேரம் வாரத்துக்கு அரை மணிதான். அதனால் நிரலைத் தாளில் எழுதி, தாளிலேயே மனத்துக்குள் ஓட்டிப் பார்த்து, பிழை தீர்ந்த பிறகுதான் மெஷினுக்குக் கொண்டுபோவோம். அப்படிப் பத்துப் பன்னிரண்டு வருடம் போயிற்று. தாளில் பிழை விடாதவள் என்று எனக்கு ஒரு பெயரும் வந்தது. அந்தப் பெயர்தான் பின்னால் வினையாக வந்து நின்றது.

நாற்பது வயதை நெருங்கும்போது அந்த மெஷின் வந்தது. வெளிநாட்டில் எங்கோ உழைத்துக் களைத்து, எங்கள் அலுவலகத்துக்கு அன்பளிப்பாக வந்த ஆளுயர இரும்பு அலமாரி. உள்ளே எட்டுச் செயலிகள், சாகுல் சொன்ன கோர் மாதிரிக் கணக்குப் போடும் மூளைகள். எட்டுக்கும் பொதுவாக ஒரே நினைவகம். எட்டுப் பேர் ஒரே கரும்பலகையில் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஒரே இடத்தில் இருவர் ஒரே நேரத்தில் கை வைத்தால் கெட்டது. பலகையில் நூறு என்று இருக்கிறது. ஒருவர் அதைப் பார்த்து, ஐந்து கூட்டி, நூற்றைந்து என்று எழுதுகிறார். அவர் எழுதி முடிப்பதற்குள் இன்னொருவரும் அதே நூறைப் பார்த்துவிட்டார். அவர் ஏழு கூட்டி, அழித்து, நூற்றேழு என்று எழுதுகிறார். முதலாமவர் கூட்டிய ஐந்து போன இடம் தெரியாது. இந்த ஒரு சங்கதி புரிந்தால் போதும். மிச்சமெல்லாம் நடந்த கதைதான்.

மெஷின் வந்ததே தவிர, எட்டையும் சேர்த்து வேலை வாங்குவதற்கான மொழி அதனுடன் வரவில்லை. ஒற்றை ஆளுக்கான சாதாரண மொழிதான் இருந்தது. "இல்லேன்னா நாமளே செஞ்சுக்குவோம்," என்றார் எங்கள் தலைவர் ஊ ஏ மாங். கடையில் மொஹிங்கா தீர்ந்துபோனால் வீட்டில் கிண்டிக்கொள்ளலாம் என்கிற குரலில் சொன்னார். (நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் பர்மியத்தில். நான் எழுதும்போது எல்லோரும் இன்சீன் தமிழ் பேசுகிறார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அந்த மொழிக்கு லெத்துவே என்று பெயர் வைத்தோம். கைகோத்துக்கொள்வது என்று பொருள். அதில் புதிதாக நாங்கள் சேர்த்த கட்டளைகள் முக்கியமாக இரண்டு. 'குவே' என்றால் பிரி. வேலையை எட்டாகப் பிரித்து ஆளுக்கொரு பங்கு கொடு. 'சௌங்' என்றால் காத்திரு. முன்னால் முடித்தவர்கள், கடைசி ஆள் வந்து சேரும் வரைக்கும் அங்கேயே நில்லுங்கள். லெத்துவேயில் எழுதியதைச் சாதாரண மொழிக்கு மாற்றித் தரும் நிரலை நான் எழுதினேன். ஒவ்வொரு செயலிக்கும் நினைவகத்தில் தனியிடம் ஒதுக்கிக் கொடுக்கும் அடித்தள வேலையும் என்னுடையதுதான்.

அந்த மொழியில் முதல் பெரிய நிரலை எழுதியவள் மா கின் ஸ்வே. ஆற்றங்கரை அலோன்காரி. அவள் அப்பா படகுத்துறையில் மூட்டை தூக்கியவர். மேலே ஆற்றுப் பக்கம் பெய்த மழையையும் கடலின் ஏற்றவற்றத்தையும் சேர்த்து, இன்னும் மூன்று நாளில் அலோன் துறையில் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று சொல்கிற நிரல் அவளுடையது. தண்ணீர் ஏறும் என்று நாங்கள் முன்கூட்டிச் சொன்னால், துறைக்காரர்கள் கிடங்கின் கீழ்வரிசை அரிசி மூட்டைகளை மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். அவள் வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டிருந்தது. காலையில் அம்மாவைக் குளிப்பாட்டி, தலைவாரி, கன்னத்தில் சந்தனம் மாதிரி அரைத்த தனக்கா பூசிவிட்டுத்தான் கின் ஸ்வே அலுவலகத்துக்கு வருவாள். அதனால் தினமும் பத்து நிமிடம் தாமதம். ஊ ஏ மாங் அந்தப் பத்து நிமிடமும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் அவரைச் சயா, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கசங்காத லோஞ்சி, சட்டைப் பையில் இரண்டு பென்சில், மேசையில் எப்போதும் ஒரு குடுவை வெறும் டீ. இரண்டு சட்டங்கள் வைத்திருந்தார். முதலாவது, மெஷின் அறை வாசலில் தடித்த நோட்டு ஒன்று. நிரலை ஓட்டும் ஒவ்வொரு முறையும் நேரம், மின்சாரமா ஜெனரேட்டரா, எத்தனை செயலி, யார் ஓட்டியது, என்ன விடை என்று எழுத வேண்டும். எதையாவது மாற்றினால் என்ன மாற்றினோம் என்று ஒரு கட்டத்திலும், ஏன் என்று அடுத்த கட்டத்திலும் எழுத வேண்டும். காலை பத்து மணிக்கு அந்த நோட்டை அவர் செய்தித்தாள் மாதிரிப் படிப்பார்.

இரண்டாவது சட்டம், பிழை என்று வந்தால் நிரலை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். ஒரு வரி விடக்கூடாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கூரையில் மழை விழுந்துகொண்டிருக்க, நாம் நிரலை ராகமில்லாத பாட்டு மாதிரி ஓதிக்கொண்டிருப்போம். மனிதர் தூங்கிவிட்டார் என்று நினைத்து ஒரு வரியைத் தாண்டினால், "நடுவுல ஒண்ணு விட்டுட்டியே," என்பார் கண்ணைத் திறக்காமலே. அந்த மதியங்களில் நான் எங்கே இருக்கிறேன், ரங்கூனிலா தண்ணீருக்கடியிலா என்றுகூட எனக்கு மறந்துபோகும்.

செயலிகளுக்குப் பெயர் வைத்ததும் அவர் காலத்தில்தான். எண் போட்டால், சுழியிலிருந்து எண்ணுவதா ஒன்றிலிருந்து எண்ணுவதா என்று தினமும் தகராறு. ஒருநாள் மெஷின் அறை ஆபரேட்டர் பகோடாவில் இருக்கும் எட்டுக் கிழமைத் தூண்களின் பெயரையே எழுதி ஒட்டிவிட்டார். பகோடாவைச் சுற்றி எட்டுத் திசையில் எட்டுத் தூண் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு விலங்கு. பிறந்த கிழமைத் தூணில் போய்த் தண்ணீர் ஊற்றுவார்கள். கிழமை ஏழுதானே, தூண் எப்படி எட்டு என்றால், புதன்கிழமையை இவர்கள் இரண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். பகல் பன்னிரண்டு வரை புதன், தந்தமுள்ள யானை. பன்னிரண்டுக்கு மேல் ராகு, தந்தமில்லாத யானை. ஆக எட்டுக் கிழமை, எட்டுச் செயலி. அலமாரியில் கருடன், புலி, சிங்கம், யானை என்று படம் வரைந்த சீட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன.

"உங்க வீட்டுல ராகு தினமும் ஒன்றரை மணி நேரம் வர்றாரு. எங்க வீட்டுல வாரத்துல ஒரு மத்தியானம்தான். யாரு புண்ணியம் பண்ணினவங்க?" என்று ஊ ஏ மாங் என்னைச் சீண்டுவார்.

"எங்க ராகு வந்தா சீக்கிரம் போயிடுவாரு, சயா. உங்க ராகு அரைநாள் உக்காந்துடறாரு," என்பேன். எல்லோரும் சிரிப்போம்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வருடத்தில், மழைக்காலத்து அமாவாசை ஒன்றையொட்டி, கின் ஸ்வேயின் நிரல் தண்ணீர் கிடங்குத் தளத்துக்கு வராது என்று சொன்னது. தண்ணீர் வந்தது. காலையில் அவள் அலுவலகத்துக்கு வந்தபோது லோஞ்சி முழங்கால் வரைக்கும் சேறு. அவள் தெருவே இறங்கி மூட்டை தூக்கியிருக்கிறது. கீழ்வரிசை முழுவதும் ஊறிப்போய்விட்டது. "நான் வராதுன்னு சொன்னேன். என் வீட்டுக்கு எதிர்லயே வந்துது," என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக மெஷின் அறைக்குப் போனாள்.

அதே எண்களைக் கொடுத்து மறுபடி ஓட்டினோம். இப்போது தண்ணீர் வரும் என்றது. இன்னொரு முறை ஓட்டினோம். கொஞ்சம் குறைந்தது. ஒரே மழை, ஒரே ஆறு, மூன்று விடை. அன்று மாலை ஊ ஏ மாங் பழைய நோட்டுகளையெல்லாம் பிரித்து வைத்துக்கொண்டு இரண்டு விஷயம் கண்டுபிடித்தார். ஜெனரேட்டரில் ஓட்டிய நாட்களில் ஒருமுறைகூடத் தப்பு வந்ததில்லை. அந்த நாட்களில் ஒரு ஏசிதான் ஓடும் என்பதால் நான்கு செயலிகளை நிறுத்திவிடுவோம். எட்டும் ஓடிய நாட்களில்தான் தப்பு, அதுவும் எப்போதாவது. இரண்டாவது, தப்பும்போதெல்லாம் தண்ணீர் குறைவாகவே வந்திருக்கிறது. ஒருதரமும் கூடுதலாக வரவில்லை.

"தண்ணி எங்கயோ ஒழுகுது. ஓட்டையைத் தேடுங்க," என்றார்.

நான் ஒரு சின்னச் சோதனை நிரல் எழுதி எட்டிலும் ஓட்டினேன். ஐம்பது முறையும் சரியான விடை. அதைத் தாளில் எழுதிக்கொண்டு போய், எல்லோர் முன்னாலும் ஒரு வாக்கியம் சொன்னேன். "என் பகுதியில பிழை இருக்க வாய்ப்பே இல்லை, சயா." தாளில் பிழை விடாதவள் சொன்னால் யார் மறுப்பார்கள்? கின் ஸ்வே என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, நம்பிக்கையோடு பார்த்தாள். "அப்ப என்னோடதுதான் தப்பு," என்று தன் நிரலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூன்று மதியங்கள் அவள் தன் நிரலைப் படித்தாள், ஊ ஏ மாங் கண்ணை மூடிக் கேட்டார். ஓட்டை அகப்படவில்லை. முழுக்கத் திருப்பி எழுதினாள். பத்து முறை சரியாக வந்து, பதினோராவது முறை தண்ணீர் குறைந்தது. மறுபடி எழுதினாள். அதற்கப்புறமும் எழுதினாள். அவள் விரல் நுனியில் பென்சில் கரி ஏறி, அம்மாவுக்குப் பூசும் தனக்காவும் சேர்ந்து, விரலெல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நனைந்த அரிசிக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும் அல்லவா? மேலிடத்திலிருந்து தாள் வந்தது. மா கின் ஸ்வேயை ஆற்றின் மேல்பகுதியில் உள்ள நீர்மட்ட நிலையம் ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள். மாதம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். ரயில், அப்புறம் படகு, எல்லாம் சேர்ந்து மூன்று நாள் பயணம். படுத்திருக்கும் அம்மாவைத் தூக்கிக்கொண்டும் போக முடியாது, விட்டுவிட்டும் போக முடியாது. வேலையை விட்டால் அம்மாவுக்கு மருந்து இல்லை. அவளுக்கு இருந்த வழி இவ்வளவுதான்.

புறப்படப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை மதியம், "பகோடாவுக்கு வர்றியா, மல்லி?" என்று கூப்பிட்டாள். அவள் வெள்ளிக்கிழமை பிறந்தவள். ஊரை விட்டுப் போகுமுன் தன் தூணுக்குத் தண்ணீர் ஊற்ற நினைத்தாள். மழை விட்டுத் தளம் முழுவதும் ஈரம். வெறுங்காலோடு நடந்தோம். கற்பலகையில் தங்கக் கோபுரத்தின் நிழல் தலைகீழாகக் கிடந்தது. வயதுக்கு ஒன்று கூட்டிக் கிண்ணம் கிண்ணமாக ஊற்ற வேண்டும். அவள் எண்ணி ஊற்றினாள். பிறகு கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

"உன் தூணுக்கும் ஊத்திட்டு வா. நீ என்ன கிழமை?"

"புதன்."

"காலையா, மத்தியானமா?"

"அதெல்லாம் தெரியாது. புதன்கிழமை."

"அப்படி ஒரு கிழமையே கிடையாதே, மல்லி," என்று சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். "தெக்கால ஒரு யானை, வடமேக்கால ஒரு யானை. ரெண்டும் வேற வேற. எதுக்கு ஊத்துவே?"

நான் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றேன். அந்த மெஷின் வருவதற்குச் சில வருடம் முன்பு, ஊழியர் பட்டியலுக்காக ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். பிறந்த கிழமையைக் கொடுத்தால் வாரத்தில் அது எத்தனையாவது நாள் என்று சொல்லும். ஞாயிறு என்றால் சுழி, திங்கள் என்றால் ஒன்று. புதன் என்றால் மூன்று. யாராவது ராகு என்று எழுதியிருந்தால் அதற்கும் மூன்று, ஏனென்றால் ராகுவும் புதன்கிழமைதானே! பட்டியலுக்கு அது சரி. செயலிகளுக்குக் கிழமைப் பெயர் வைத்ததும், ஏற்கனவே இருக்கிற அட்டவணை என்று அதையே கொண்டுவந்து, அந்த எண்ணைத்தான் நினைவகத்தில் அவரவர் தனியிடத்துக்கு முகவரியாகக் கொடுத்திருந்தேன். எட்டுச் செயலிக்கு எட்டு இடம் ஒதுக்கினேன். ஏழில்தான் ஆள் குடியேறினார்கள். புதனும் ராகுவும் ஒரே இடத்தில்.

எல்லாம் ஒவ்வொன்றாகப் பொருந்தி வந்தது. ஜெனரேட்டர் நாட்களில் ஓடியவை ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். ராகு இல்லை, அதனால் பிழை இல்லை. எட்டும் ஓடும்போது இருவரும் ஒரே இடத்தில் கூட்டுவார்கள். மாற்றி மாற்றிக் கூட்டினால் மொத்தம் சரியாகவே வரும். அபூர்வமாக இருவரும் ஒரே கணத்தில் கை வைத்தால் ஒருவர் ஊற்றிய தண்ணீர் காணாமல் போகும். என் சோதனை நிரலில் ஆளுக்கு நாலே நாலு கூட்டல், மோதிக்கொள்ள நேரம் ஏது? கின் ஸ்வேயின் ஆற்றிலோ லட்சம் லட்சமாய்க் கூட்டல். எங்கள் இன்சீன் வீட்டில் புதன்கிழமை ஒன்றுதான் என்பதால் அலோனில் அரிசி நனைந்தது.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வட்ட ரயிலைப் பிடித்தேன். கூடைக்காரிகளின் கீரை வாசனைக்கு நடுவே உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே போன குட்டைகளையும் தாமரை இலைகளையும் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிவிட்டேன். வட்ட ரயில், இறங்காதவர்களை எங்கும் கொண்டுபோய் விடுவதில்லை. முழுச் சுற்றும் சுற்றி, மறுபடி இன்சீன் வந்தபோது இறங்கினேன்.

"அம்மா, நான் பொறந்தது காலையிலயா, மத்தியானமா?"

அம்மா கருவாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். "யாரு கெடிகாரம் பாத்தா? பட்டறையில பன்னண்டு மணிச் சங்கு ஊதுது. சங்கு ஊதிக்கிட்டே இருக்கு, நீ வந்து விழுந்தே. உங்கப்பா சாப்பாட்டுக்கு வந்த மனுசன், ஹின் கொழம்பும் இல்ல சோறும் இல்லன்னு அப்படியே திரும்பிப் போனாரு. ஏன், இப்ப என்ன அதுக்கு?"

ஒன்றுமில்லை என்றேன். சனியும் ஞாயிறும் வீட்டிலேயே கிடந்தேன்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய், அட்டவணையைத் திறந்து, ராகுவின் மூன்றை ஏழாக மாற்றினேன். ஒரே ஓர் எண். எட்டுச் செயலியிலும் கின் ஸ்வேயின் ஆற்றை முப்பது முறை ஓட்டினேன். முப்பது முறையும் இம்மி பிசகாமல் ஒரே விடை. நெஞ்சு நிறைந்து, உடனே பயத்தில் காலியானது. நோட்டில் 'அட்டவணை மாற்றப்பட்டது' என்று எழுதினேன். ஏன் என்ற கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. மெஷின் தானாகச் சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்ளட்டும் என்ற ஆசைதான். கேவலமான ஆசை. அறைக்கு வெளியே கின் ஸ்வே தன் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அவளுடைய சீப்பும் தனக்காக் கட்டையும் ஒரு துணிப்பைக்குள் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு ஊ ஏ மாங் நோட்டைப் படித்தார்.

"மா மல்லி, இங்க 'ஏன்'னு ஒரு கட்டம் இருக்கே. காலியா கிடக்கு."

அவர் நோட்டை மேசையில் வைத்தார்.

"பழைய அட்டவணையை எடுத்துட்டு வா. படிச்சுக் காட்டு. கின் ஸ்வே, நீயும் வந்து உக்காரு."

அவர் கண்ணை மூடினார். நான் படித்தேன். ஞாயிறு சுழி. திங்கள் ஒன்று. செவ்வாய் இரண்டு. புதன் மூன்று. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. வியாழன் நான்கு. வெள்ளி ஐந்து. சனி ஆறு. ராகு மூன்று. அவர் கண்ணைத் திறந்தார். வாளியில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கின் ஸ்வேதான் முதலில் வாய் திறந்தாள். "நான் மூணு தடவை திருப்பி எழுதினேன், மல்லி," என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய் ஜன்னலோரம் நின்றாள்.

நான் பென்சிலை வாங்கி, காலியாகக் கிடந்த கட்டத்தில், 'புதனுக்கும் ராகுவுக்கும் ஒரே இடம் கொடுத்தது என் பிழை. ஆற்று நிரலில் பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஊ ஏ மாங் அந்த நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, மேலிடத்துக்குப் போனார். பிற்பகல் நனைந்து திரும்பி வந்தார். மேலிடத்தில் அனுப்பிய உத்தரவைத் திரும்பப் பெறும் வழக்கமில்லை. நிலையத்துக்கு எங்கள் பிரிவிலிருந்து ஓர் ஆள் போயே ஆக வேண்டும். ஆனால் யார் என்பதை மாற்றிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். ஈரமான உறையிலிருந்து புதிய தாளை எடுத்து மேசையில் வைத்தார். பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீங்களே எழுதிக் குடுங்க," என்று ஜன்னல் பக்கம் திரும்பி மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நான் என் பெயரை எழுதினேன். எனக்கும் அம்மா இருந்தாள். ஆனால் என் அம்மா தானே கருவாடு ஆய்வாள்.

அந்த நிலையத்தில் இரண்டு மழைக்காலம் இருந்தேன். கரையில் மூங்கில் வீடு, தண்ணீருக்குள் அளவு குறித்த ஒரு கம்பம், ஒரு ரேடியோ. காலையில் மூடுபனிக்குள் இறங்கிப் போவேன். ஆறு எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கம்பம் மட்டும் தனியாக நிற்கும். தண்ணீர் தொடும் கோட்டைப் படித்து ரேடியோவில் சொல்வேன். அந்த எண்தான் ரங்கூன் போய், லெத்துவேக்குள் நுழைந்து, எட்டாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்து, அலோன் துறைக்குப் போகும். நான் எழுதிய மொழிக்கு நானே ஓர் எண்ணாகத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். சில காலைகளில் அது தண்டனை மாதிரியே இருக்காது. ஒரு பெரிய சோம்பலான கனவுக்குள் கால் நனைய நிற்பது மாதிரி இருக்கும்.

மறுமுனையில் எண்ணைக் குறித்துக்கொள்பவள் கின் ஸ்வே. முதல் மூன்று மாதம் எண்ணைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. நான் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள், சரி என்பேன், கரகரப்போடு அறுந்துவிடும். அவள் கோபம் நியாயமானது என்று தெரியும். தெரிந்தும் வலித்தது. நான்காம் மாதம் ஒருநாள், எண்ணைத் திருப்பிச் சொன்ன பிறகும் ரேடியோ அறுபடாமல் கரகரத்துக்கொண்டிருந்தது.

"மல்லி," என்றாள். "தமின் சா பீபீலா?"

சோறு சாப்பிட்டாயா என்று கேட்டாள். ரங்கூனில் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்கும் சாதாரணக் கேள்விதான். நான் மூங்கில் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். சாப்பிட்டேன் என்று சொல்லக் கொஞ்ச நேரமாயிற்று. அவள் அதுவரைக்கும் காத்துக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பி வந்த பிறகு, அந்த மெஷின் இன்னும் சில வருடம் உழைத்து ஓய்ந்தது. லெத்துவேயை இப்போது யாரும் எழுதுவதில்லை. அதற்காக எனக்கு வருத்தமில்லை, அதன் வேலை முடிந்தது. ஊ ஏ மாங் போய்விட்டார். கின் ஸ்வேயின் அம்மா, அலோன் வீட்டில், மகள் தலைவாரிவிட்ட ஒரு காலையில் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். அந்தக் காலையில் மகள் பக்கத்தில் இருந்தாள் என்பதை நினைத்தால் மட்டும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

சாகுல் என் பழைய கைபேசிக்கே கண்ணாடி மாற்றிக் கொடுத்தான். போன புதன்கிழமை அதில் கின் ஸ்வேயைக் கூப்பிட்டேன். பகோடாவில் சந்தித்தோம். எனக்கு அறுபத்தேழு வயது, ஆக அறுபத்தெட்டுக் கிண்ணம். சங்கு ஊதும்போது பிறந்தவளுக்கு எந்த யானை என்ற வழக்கை அவள் என்றைக்கோ தீர்த்துவிட்டாள். நான் தெற்கே தந்தமுள்ள யானைக்கு ஊற்றுவேன். அதே நேரத்தில் அவள் எனக்காக வடமேற்கே தந்தமில்லாத யானைக்கு ஊற்றுவாள். நடுவில் தங்கக் கோபுரம் நிற்பதால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது.

நான் முடித்துவிட்டு, ஈரத் தளத்தில் மெதுவாக நடந்து மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போனேன். முழங்கால் வலியில் அவள் மெல்லத்தான் ஊற்றுவாள். இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள். நான் பேச்சுக் கொடுக்காமல் பக்கத்தில் நின்றேன். கடைசிக் கிண்ணத்தையும் ஊற்றிவிட்டுத் திரும்பினாள்.

"எத்தனை ஊத்தினே?"

"அறுபத்தெட்டு."

"நானும் அறுபத்தெட்டு," என்றாள். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்ல. இந்தத் தடவை தண்ணி ஒண்ணும் குறையல."